பூஜாங் பள்ளத்தாக்கு: கடாரத்துக் கோயில்களைப் பார்க்கப் போகும் முன்

நம் நாட்டின் பழமையான கோயில் எது என்று கேட்டால், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள் பெரும்பாலும் 1873-இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலையோ, 1891-இல் முருகனுக்கு இடம் அமைக்கப்பட்ட பத்துமலையையோ சொல்வார்கள். கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயிலும் அதே காலத்தது, 1892. மலாக்கா பொய்யாத விநாயகர் கோயிலை எடுத்துக்கொண்டால் 1781 வரை பின்னோக்கிப் போகலாம்.

ஆனால், இவை எல்லாவற்றுக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த மண்ணில் கோயில்கள் இருந்தன. கெடா மாநிலத்தில் ஜெராய் மலையின் அடிவாரத்தில், மெர்போக் என்ற சிற்றூரை ஒட்டி அவற்றின் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. பூஜாங் பள்ளத்தாக்கு, மலாயில் லெம்பா பூஜாங், என்று அழைக்கப்படும் அந்தப் பகுதிதான் தமிழ்க் கல்வெட்டுகள் பேசும் கடாரம் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு.

கோலாலம்பூரிலிருந்து அதிகாலையில் கிளம்பினால் மதியத்துக்குள் அங்கே போய்ச் சேரலாம். போனவர்களில் சிலர், "வெறும் கல் மேடைதானே இருக்கிறது" என்று ஏமாற்றத்தோடு திரும்புவதும் உண்டு. கோபுரமும் சிலையும் எதிர்பார்த்துப் போனால் அப்படித்தான் தோன்றும். அந்த மேடையில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து போனால், அரை நாள் போதாது.

மலைக்கும் ஆற்றுக்கும் இடையே

வடக்கே ஜெராய் மலை, தெற்கே மூடா ஆறு. இவற்றுக்கு இடையே மெர்போக் ஆறும் அதன் கிளைகளும் ஓடும் சமவெளிதான் பூஜாங் பள்ளத்தாக்கு. அதன் பரப்பு 200 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 'பூஜாங்' என்ற பெயர் பாம்பைக் குறிக்கும் 'புஜங்க' என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு.

இந்த இடத்தில் ஏன் இத்தனை கோயில்கள் என்ற கேள்விக்கு மலையே முதல் பதில். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய், கடற்கரைச் சமவெளியில் தனித்து எழுந்து நிற்கிறது. வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமிகளுக்கு அது வெகு தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம். இலங்கையின் தென்முனையும் கெடாவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 6 பாகை வடக்கை ஒட்டி இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்து நேர் கிழக்கே வந்தால் இந்தக் கரையை அடையலாம். திரும்பிப் போக வடகிழக்குப் பருவக்காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படிப் பல மாதங்கள் தங்கியவர்களுக்குச் சந்தை வேண்டும், தண்ணீர் வேண்டும், வழிபடும் இடமும் வேண்டும்.

அன்றைய கடற்கரை இன்று இருக்கும் இடத்தில் இல்லை. ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் கரை மேற்கே நகர்ந்துவிட்டது. இன்று வயலும் தோட்டமுமாகத் தெரியும் இடங்கள் பல, அன்று படகு வந்து நின்ற துறைகள்.

கடாரம் என்ற பெயர்

சங்க நூலான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்த பண்டங்களைச் சொல்லும்போது 'காழகம்' என்ற நாட்டையும் குறிப்பிடுகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதற்குக் கடாரம் என்று பொருள் தருகிறார். சீனத் துறவி யிஜிங் 7-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கிச் சென்றதைத் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

கடாரம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது இராசேந்திர சோழன். 1025-ஆம் ஆண்டை ஒட்டி அவன் அனுப்பிய கடற்படை ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், தக்கோலம் முதலிய துறைகளோடு கடாரத்தையும் தாக்கியது. அதைத் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டமும் அதனால் வந்ததே.

ஆனால், பூஜாங் கோயில்களைச் சோழர் கட்டியவை என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது சரியாகாது. படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே பௌத்தக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. படையெடுப்புக்கு முன், சோழருக்கும் கடாரத்துக்கும் நல்லுறவும் இருந்தது. கடாரத்து அரசன் ஸ்ரீ மாரவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பியபோது, முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகத் தந்தான். இன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பெயரால் அறியப்படும் செப்பேடுகளில் இந்தச் செய்தி இருக்கிறது. இராசேந்திரனுக்குப் பின் வந்த வீரராசேந்திரனும் கடாரத்தை வென்று அதன் அரசனிடமே திருப்பிக் கொடுத்ததாகத் தன் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால், பூஜாங் ஒரு வெற்றித் தூண் அல்ல என்பது விளங்கும். இரு கரையும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த நீண்ட உறவின் தடம் அது. அந்தக் கோயில்களுக்குப் பொருள் தந்தவர்களில் உள்ளூர் மன்னர்களும் வந்து போன வணிகர்களும் இருந்திருக்க வேண்டும். கல்லும் செங்கல்லும் உள்ளூரில் கிடைத்தவை.

தேடிக் கண்டவர்கள்

இந்தப் பகுதியின் பழமையை முதலில் எழுத்தில் பதிந்தவர் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி ஜேம்ஸ் லோ. 1834-இல் செபராங் பிறையில் அவர் கண்ட ஒரு கல்வெட்டில், 'புத்தகுப்தன்' என்ற கப்பல் தலைவனின் பெயர் வடமொழியில் பொறிக்கப்பட்டிருந்தது. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தக் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது.

முறையான அகழாய்வு 1936, 1937-ஆம் ஆண்டுகளில் நடந்தது. எச்.ஜி. குவாரிட்ச் வேல்ஸ், அவர் மனைவி டோரதி வேல்ஸ் இருவரும் 30 இடங்களுக்கு எண் கொடுத்துப் பதிவு செய்தார்கள். இன்றும் ஆய்வாளர்கள் அந்த எண்களைச் சொல்லியே இடங்களைக் குறிக்கிறார்கள். இவற்றையெல்லாம் இந்தியக் குடியேற்றத்தின் சின்னங்கள் என்றே வேல்ஸ் கருதினார். இன்றைய ஆய்வாளர்கள் அந்தக் கருத்தை அப்படியே ஏற்பதில்லை. இங்கிருந்த மக்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துத் தங்கள் முறையில் கட்டினார்கள் என்பதே இப்போது வலுவாக உள்ள பார்வை.

1959-60-இல் அலஸ்டேர் லாம்ப் என்ற அறிஞர் எட்டாம் எண் இடத்தை மீண்டும் அகழ்ந்து, சரிந்து கிடந்த கற்களை அடுக்கி நிறுத்தினார். பயணிகள் இன்று பார்க்கும் சண்டி புக்கிட் பத்து பஹாட் அதுதான்.

'சண்டி' என்பது இங்கும் இந்தோனேசியாவிலும் பழைய இந்து, பௌத்தக் கட்டடங்கள் இரண்டுக்குமே வழங்கும் பொதுச்சொல். ஆகவே, சண்டி என்ற பெயரை மட்டும் வைத்து அது எந்தச் சமயத்துக்கு உரியது என்று முடிவு செய்ய முடியாது. பூஜாங்கில் பொதுவாக, முற்காலத்தில் பௌத்தமும் 10-ஆம் நூற்றாண்டுக்குப் பின் சைவம் சார்ந்த வழிபாடும் மேலோங்கின என்பார்கள்.

புக்கிட் பத்து பஹாட்: என்ன பார்க்க வேண்டும்

'பஹாட்' என்றால் மலாயில் உளி. உளி பட்ட கல்லின் குன்று என்பது பெயரின் பொருள். ஜெராய் மலைச் சரிவில், ஓடை ஒன்றின் கரையில், மரங்களுக்கு நடுவே இந்தச் சண்டி இருக்கிறது. பூஜாங்கில் மக்கள் பார்க்கும் கோயில்களில், கட்டிய இடத்திலேயே நிற்பது என்ற பெருமையும் இதற்கு உண்டு.

முதலில் தரை அமைப்பைப் பாருங்கள். உயர்ந்த சதுர மேடை விமானம், அதாவது கருவறை இருந்த இடம். அதை ஒட்டிக் கிழக்கே தாழ்வாக இருப்பது மண்டபம். நம் ஊர்க் கோயிலில் மண்டபத்தில் நின்று கருவறையை நோக்கிக் கும்பிடுகிறோமே, அதே அமைப்பு. கோபுரமோ வெளிப் பிரகாரமோ இல்லை. இந்த இரண்டு பகுதிகளே கோயில்.

அடுத்து, மேடை மேல் வரிசையாக உள்ள கல் அடிகளைக் கவனியுங்கள். அவற்றின் மேல் மரத் தூண்கள் நின்றன. தூண்களும் கூரையும் மக்கிப் போகும் பொருளால் ஆனவை என்பதால் இன்று ஒன்றும் எஞ்சவில்லை. தமிழ்நாட்டில் கல்லிலேயே விமானம் எழுப்பிய அதே காலத்தில், இங்கே கல் அடித்தளத்தின் மேல் மரக்கூரை போட்டிருக்கிறார்கள். மழையும் காடும் நிறைந்த நாட்டுக்கு ஏற்ற கட்டடக் கலை அது. இந்தக் கல் அடிகளைப் பார்க்காமல் போனால், மேடை மட்டும்தான் கண்ணில் படும். அவற்றைப் பார்த்துவிட்டால், தூணும் கூரையுமாகக் கோயிலை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

மூன்றாவது செய்தி மேடைக்குள் இருந்தது. லாம்ப் அகழ்ந்தபோது கருங்கல் பெட்டிகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒன்றும் சுற்றிலும் எட்டுமாக ஒன்பது குழிகள். செப்புக் கலங்கள், மணிக்கற்கள், தங்கத் தகட்டில் வெட்டிய சிறு உருவங்கள் ஆகியவை அவற்றில் வைக்கப்பட்டிருந்தன. கோயில் எழுப்பும்போது அடியில் பொன்னும் மணியும் வைப்பதைக் கர்ப்பநியாசம் என்று சிற்ப நூல்களும் ஆகமங்களும் சொல்கின்றன. நம் குடமுழுக்குகளில் சிலைக்கு அடியில் நவமணிகளும் இயந்திரத் தகடும் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. கூரை போய், மூர்த்தமும் போய், அந்த வழக்கம் மட்டும் கல்பெட்டிக்குள் சாட்சியாக இருந்திருக்கிறது.

இதன் காலம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. தொடக்கத்தில் 7, 8-ஆம் நூற்றாண்டு என்றார்கள். பின்னர் வந்தவர்கள் 11-ஆம் நூற்றாண்டு அளவில் வைக்கிறார்கள். வழிகாட்டிகளும் இணையப் பதிவுகளும் வேறு வேறு காலம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அருங்காட்சியகமும் இடம்பெயர்ந்த சண்டிகளும்

புக்கிட் பத்து பஹாட் சண்டிக்குக் கீழேதான் லெம்பா பூஜாங் தொல்பொருள் அருங்காட்சியகம் உள்ளது. 1980-இல் திறக்கப்பட்ட இது மலேசிய அருங்காட்சியகத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. வளாகத்தில் புக்கிட் பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் ஆகிய மூன்று சண்டிகளும் உண்டு. இவை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே மீண்டும் அமைக்கப்பட்டவை. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே விட்டிருந்தால் இவை இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

கட்டடத்துக்குள் விநாயகர் உருவம், ஆவுடைக் கற்கள், கல்பெட்டி, கல்வெட்டுப் பிரதிகள் ஆகியவற்றோடு அன்றாட வாழ்வின் பொருள்களும் உண்டு. பெங்காலான் பூஜாங்கில் அள்ளக் குறையாமல் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள், மணிகள் ஆகியவற்றை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். தமிழ்நாடு, அரபு நாடு, சீனா மூன்றும் ஒரே ஆற்றுத்துறையில் சந்தித்தன என்பதற்குக் கோயிலைவிட இந்தத் துண்டுகளே நேரடிச் சாட்சி.

சுங்கை பத்து: இரும்பின் ஊர்

பீடோங்குக்கு அருகே உள்ள சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2000-களின் பிற்பகுதியிலிருந்து அகழாய்வு செய்து வருகிறது. பேராசிரியர் மொக்தார் சைடின் தலைமையிலான குழு அங்கே இரும்பு உருக்கிய உலைகள், உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்கள், படகுத்துறையாகக் கருதப்படும் கட்டடங்கள், வட்ட அடித்தளம் கொண்ட செங்கல் வழிபாட்டு மேடை ஆகியவற்றைக் கண்டறிந்தது.

இந்த ஊர் கி.மு. காலத்துக்கே போகும் என்று அந்தக் குழு சொல்கிறது. அந்தக் காலக்கணிப்பை ஏற்காத அறிஞர்களும் உள்ளனர். எப்படியிருந்தாலும், கடாரம் கப்பல்கள் தங்கிப் போகும் இடமாக மட்டும் இருக்கவில்லை, தானே பொருள் செய்து விற்ற ஊராகவும் இருந்தது என்பதை இந்த உலைகள் காட்டிவிட்டன.

வாணிகத்தின் போக்கு மாறியபோது பூஜாங்கும் ஒடுங்கியது. கெடா அரசர் 1136-இல் இசுலாத்தைத் தழுவினார் என்பது மாநிலத்தின் மரபுவழிச் செய்தி. 1400-ஐ ஒட்டி மலாக்கா எழுந்தது. கடலும் விலகியது. கோயில்கள் காட்டுக்குள் போயின.

2013-இல் போன கோயில்

காடு மூடிய காலத்தில் தப்பிய ஒரு கோயில் நம் காலத்தில் போய்விட்டது. வேல்ஸ் கொடுத்த வரிசையில் 11 என்ற எண் பெற்ற சண்டி, சுங்கை பத்துப் பகுதியில் தனியார் நிலத்தில் இருந்தது. வீடமைப்புத் திட்டத்துக்காக நிலம் சமப்படுத்தப்பட்டபோது அது இடிக்கப்பட்ட செய்தி 2013-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தது. அப்போதைய பினாங்கு துணை முதல்வர் பேராசிரியர் பி. இராமசாமி இடத்துக்கே போய்ப் பார்த்து அதை வெளிப்படுத்தினார். பூஜாங் ஆய்வு வட்டத்தின் தலைவரும் பண்டைய கெடாவைப் பற்றி நூல் எழுதியவருமான டத்தோ வீ. நடராஜன் உள்ளிட்டோர் குரல் எழுப்பினார்கள். நாடு முழுவதும் எல்லா இனத்தவரும் வருந்தினார்கள்.

அறியப்படாத இடம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. 1930-களிலேயே எண் கொடுத்துப் புத்தகத்தில் ஏற்றப்பட்ட இடம் அது. 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டமும் அப்போது நடப்பில் இருந்தது. ஆனாலும், தனியார் நிலத்தில் இருந்த அந்த இடம் பாரம்பரிய இடமாக அரசிதழில் வெளியிடப்படவில்லை. ஆய்வேட்டில் எண் இருப்பதும், சட்டத்தில் பாதுகாப்பு இருப்பதும் வேறு வேறு என்பதை அந்த இழப்பு காட்டியது. பூஜாங்கின் மற்ற இடங்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். மக்கள் வந்து பார்க்கும் இடத்தை இடிக்க எவரும் யோசிப்பார்கள். யாரும் வராத செங்கல் மேட்டுக்கு அந்தக் காவல் இல்லை.

கோலாலம்பூரிலிருந்து போகும் வழி

காரில் போகிறவர்கள் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கைப் பட்டாணி வரை போய், பீடோங் வழியாக மெர்போக்கை அடையலாம். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 370 கிலோமீட்டர். விடுமுறைக் கால நெரிசல் இல்லாவிட்டால் நான்கு, நான்கரை மணி நேரம்.

ரயிலில் போக விரும்புகிறவர்கள் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் பாடாங் பெசார் செல்லும் இடிஎஸ் ரயிலில் ஏறிச் சுங்கைப் பட்டாணியில் இறங்கலாம். பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்திலிருந்து பேருந்தும் உண்டு. சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக்குக்கு வாடகைக் காரே வசதி. திரும்பி வரவும் அப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. மலையடிவாரத்தில் வண்டி உடனே கிடைக்கும் என்று நம்ப முடியாது.

அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தையும், பழுதுபார்ப்புக்காக மூடப்படவில்லை என்பதையும் கிளம்பும் முன் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். சுங்கை பத்துவுக்கும் போவதாக இருந்தால் அதையும் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். கெடாவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைவு, வெயில் கடுமை. தண்ணீர், தொப்பி, வழுக்காத காலணி மூன்றும் தேவை. சண்டிக்குப் போகும் பாதை ஏற்றமானது. மூத்தோரை அழைத்துப் போகிறவர்கள் அருங்காட்சியகத்தையும் கீழ்ப்பகுதியையும் முதலில் பார்த்துவிட்டு மெல்ல ஏறலாம்.

இது வழிபாடு நடக்கும் கோயில் இல்லை. மனத்துக்குள் கும்பிடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் கற்பூரம் ஏற்றுவது, கல்லில் குங்குமம் வைப்பது, மேடை மேல் ஏறி நின்று படம் எடுப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எண்ணெயும் சூடும் பழைய கல்லைக் கெடுக்கும். கீழே கிடக்கும் செங்கல் துண்டையோ ஓட்டுச் சில்லையோ நினைவுக்கு என்று எடுத்து வருவதும் கூடாது. கிடந்த இடத்தில் இருந்தால்தான் அது சான்று. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு.

பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோர், அதற்கு முந்தைய வாரம் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வரலாம். கேஎல் சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். நாட்டின் பழைய அரசுகளைப் பற்றிய பகுதியைப் பார்த்துவிட்டுப் போனால், மெர்போக்கில் அவர்கள் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டுதோறும் சுற்றுலாப் பேருந்து ஏற்பாடு செய்கின்றன. அந்தப் பட்டியலில் மெர்போக்கையும் சேர்ப்பது பெரிய செலவில்லை. வருகைப் பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு பெயரும், இந்தக் கற்களைக் கேட்க ஆள் இருக்கிறது என்பதற்கு ஒரு கையெழுத்து.